ஆமைக்கு ஒரு புது ஊர்



ஒரு கல்லூரியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அழிந்து வரும் உயிரினங்களைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, காப்பாற்ற வேண்டும், காப்பாற்ற வேண்டும் என்று நீங்களும் சொல்கிறீர்கள், புத்தகமும் சொல்லுகிறது. கையில் இருக்கும் பணம் கொஞ்சம். காக்கவேண்டிய பிராணிகளோ பல. இதில் எதை முதலில் காப்பது, எப்படிக் காப்பது என்பதை எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டாள். நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது. முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் மணியோசைக்கு நான் அவ்வளவு நன்றி பாராட்டிய நாள் வேறில்லை.

அந்தக் கேள்விக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையை, என்னால் இயன்ற அளவில், இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு தீவுக்குப் போவோம். ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் இடையே டாரஸ் நீர்ச்சந்தி இருக்கிறது. அதன் வடகோடியில் பிராம்பிள் கே என்னும் மணல் திட்டு ஒன்று உண்டு. தீவு என்று சொல்வதே மிகை. பரப்பு நான்கைந்து ஹெக்டேர். அதாவது நம் ஊரில் ஓரளவு வசதியுள்ள ஒரு குடியானவரின் நிலம். அதன் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர்தான். அந்தத் திட்டில் மெலோமிஸ் என்ற வகையைச் சேர்ந்த பழுப்பு நிற எலி ஒன்று வாழ்ந்துவந்தது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. 1845ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மாலுமிகள் அதைக் கண்டிருக்கிறார்கள். 1978இல் சில நூறு எலிகள் இருந்தன. 1998இல் கண்ணி வைத்தபோது 42 அகப்பட்டன, 2004இல் 12. கடைசியாக 2009ஆம் ஆண்டில் மீனவர் ஒருவர் அதைப் பார்த்தார். 2011இலும் 2014இலும் தேடியவர்களுக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை.

என்ன ஆயிற்று? வேட்டையாடியவர் எவருமில்லை, காட்டை வெட்டியவரும் இல்லை. கடல் மட்டம் மெல்ல உயர்ந்தது. புயல் வேளைகளில் உப்பு நீர் திட்டின்மீது மீண்டும் மீண்டும் ஏறியது. எலிக்கு உணவும் நிழலுமாக இருந்த புல்பூண்டுகள் மாய்ந்தன. 2004இல் இரண்டு ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பசுமை, 2014 மார்ச்சில் ஒரு ஹெக்டேரில் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2016இல் ஆராய்ச்சியாளர்கள் அந்த எலி அற்றுப்போயிற்று என்று அறிக்கை தந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசாங்கமும் அதை ஒப்புக்கொண்டது. மனிதரால் நேர்ந்த தட்பவெப்ப மாறுதலால் அற்றுப்போன முதற் பாலூட்டி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறொன்று. 2008இலேயே அந்த எலிக்கென்று ஒரு மீட்புத் திட்டம் எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவர்களும் தட்பவெப்ப மாறுதலை மறந்தவர்கள் அல்லர். திட்டத்தின் காலவரைக்குள் அதனால் பெரிய கேடு நேராது என்று கணித்தார்கள். அவ்வளவுதான். எலிகளில் சிலவற்றைப் பிடித்துவந்து வேறிடத்தில் வளர்ப்பது என்ற எண்ணமும் எழாமல் இல்லை. எழுந்த எண்ணம் செயலாவதற்குள் பிடிப்பதற்கு எலி இல்லாமற் போயிற்று. "இப்போது எதுவும் முடிவு செய்யவேண்டாம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நாம் சொல்லும்போது, முடிவு எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு முடிவுதான். மற்ற முடிவுகளைப் போலவே அதற்கும் விலை உண்டு.

இதே போன்று மற்றொன்றும் நடந்தது. கிறிஸ்துமஸ் தீவில் மூன்று நான்கு கிராம் எடையுள்ள ஒரு சிறு வௌவால் இருந்தது. அது குறைந்துவந்ததற்குத் தட்பவெப்பம் காரணமன்று. ஆயினும் கதை ஒன்றே. பல ஆண்டுகளாக எச்சரிக்கை செய்துவந்தார்கள். பிடித்து வளர்க்க 2009 ஜூலையில் அனுமதி வந்தது. ஆகஸ்டில் வலையும் கருவியுமாகப் போனவர்களுக்கு ஒரே ஒரு வௌவாலின் ஒலி மட்டும் கேட்டது. அதைப் பிடிக்க முடியவில்லை. அம்மாத இறுதிக்குப் பிறகு அவ்வொலியும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே, பழைய நாளில் உயிரினப் பாதுகாப்பு என்பது ஏறக்குறைய வேலி கட்டும் வேலையாக இருந்தது. ஒரு பிராணி எங்கே வாழ்கிறதோ அந்த இடத்தை ஒதுக்கு, வேட்டையைத் தடு, மரம் வெட்டுவதை நிறுத்து, பிராணி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இம்முறை தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் நாட்டில் புலியும் காண்டாமிருகமும் மிஞ்சியிருப்பது இதனாலேயே. ஆனால் வேலி அசையாமல் நிற்கிறது. வேலிக்குள் இருந்த குளிர்ச்சியும் மழையும் வேலியைத் தாண்டிப் போய்விடுகின்றன. 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், ஆலைத்தொழில் பெருகுவதற்கு முன்னிருந்ததைவிட 1.5 பாகைக்கு மேல் உயர்ந்து பதிவாயிற்று. மலையில் ஏறும்போது ஒவ்வோராயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறரைப் பாகை குளிர்கிறது என்பது நீங்கள் பூகோளத்தில் படித்த கணக்கு. ஆகவே ஒரு பாகை வெப்பம் கூடினால், பழைய குளிரைத் தேடும் உயிர் ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர் மேலே ஏற வேண்டும். ஏறத்தெரிந்தது ஏறும். பறவை பறந்துபோகும். நடக்கத் தெரியாதது, நடுவில் வயலும் சாலையும் நகரமும் குறுக்கிட்டு அடைபட்டது, ஏறுவதற்கு மலையே இல்லாதது, இவை என்ன செய்யும்?

"நாமே தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடலாமே" என்று உங்களில் ஒருவருக்குத் தோன்றும். தோன்றவேண்டியதுதான். இது பற்றி அறிஞர்களிடையே பதினைந்து இருபது ஆண்டுகளாக நல்ல சண்டை நடந்துவருகிறது. அந்தச் சண்டைக்கு நடுவே, யாரையும் கேளாமல், ஓர் ஆமை உட்கார்ந்திருக்கிறது. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு அருகே, ஸ்வான் ஆற்றின் மேற்பகுதியில், களிமண் சதுப்புகள் சில உள்ளன. அங்கே மட்டும் வாழும் சிறு ஆமை இது. ஓடு ஒரு சாண் நீளம்கூட இராது. 1839இல் ஒரு ஜெர்மானியர் சேகரித்த ஓர் ஆமை வியன்னா நகரத்துக் காட்சிசாலையைச் சேர்ந்தது. 1901இல்தான் அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டார்கள். பிறகு அரை நூற்றாண்டு காலம் அதை ஒருவரும் காணவில்லை. அற்றுப்போயிற்று என்றே பலரும் எண்ணினார்கள். 1953இல் பெர்த் நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் பள்ளிச் சிறுவன் ஒருவன் தான் வளர்த்துவந்த ஆமையைக் கொண்டுவந்தான். பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். அற்றுப்போன ஆமை சிறுவனின் கையில் உயிரோடு இருந்தது!

இந்த ஆமையின் வாழ்க்கை முறை விந்தையானது. குளிர்கால மழையில் சதுப்பு நிறைந்ததும் நீரில் இறங்குகிறது. தலைப்பிரட்டைகளையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் தின்று கொழுக்கிறது. நீர் வற்றியதும் வெளியேறி, சருகுக்கடியிலோ வளையிலோ புகுந்து, ஏறத்தாழ ஆறு மாதம் கோடை உறக்கம் கொள்கிறது. குறைந்த அளவே முட்டையிடுகிறது; மூன்று முதல் ஐந்து. மற்ற ஆமைகள் பின்கால்களால் குழி தோண்டி முட்டையிடும். இது முன்கால்களால் தோண்டும். உலகத்திலேயே இப்படிச் செய்யும் ஆமை இது ஒன்றுதான் என்கிறார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, அந்த முதற்பருவத்தில் நீர் இருக்கும் சில மாதங்களுக்குள் போதிய எடை ஏறிவிடவேண்டும். ஏறாவிட்டால் வரும் கோடையைத் தாண்டாது.

இனித் தொல்லை எங்கே என்பது விளங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து குளிர்கால மழை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சதுப்புகள் முன்போல் விரைவில் நிறைவதில்லை. நிறைந்தாலும் சீக்கிரம் வற்றுகின்றன. குஞ்சு சாப்பிடுவதற்குள் இலையை எடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒருபுறம் நகரம் பெருகியது. மற்றொருபுறம் ஐரோப்பியர் கொண்டுவந்த நரி. 1962இலேயே இரண்டு சதுப்புகளைக் காப்பிடங்களாக ஒதுக்கியிருந்தும், 1980களின் பிற்பகுதியில் காட்டிலும் கூண்டிலுமாக ஐம்பதுக்கும் குறைவான ஆமைகளே இருந்தன. நரி புகாத வேலி போட்டார்கள். ஒரு சதுப்புக்கு நிலத்தடி நீரை இறைத்து ஊற்றினார்கள். பெர்த் மிருகக்காட்சிசாலையார் ஆமைகளை வளர்த்து, ஆண்டுகள் செல்லச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் பெருக்கினார்கள். எல்லாம் நன்றே. வளர்த்ததை எங்கே விடுவது? விடவேண்டிய சதுப்பு அல்லவா வற்றிக்கொண்டிருக்கிறது!

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா மிட்செல் என்ற அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஆமைக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், எத்தனை நாள் நீர் நிற்கவேண்டும், எவ்வளவு வேகத்தில் எடை கூடும் என்பவற்றையெல்லாம் கணக்காக்கிக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். வருங்காலத்தில் எந்தச் சதுப்பு இந்த ஆமைக்கு ஒத்துவரும் என்று தேடினார்கள். விடை தெற்கே கிடைத்தது. பெர்த்திலிருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டர் தள்ளித் தென்கடற்கரையை ஒட்டிய ஈரநிலங்கள் அவை. அறிந்த வரலாற்றில் இந்த ஆமை அங்கே வாழ்ந்ததற்குச் சான்றில்லை. 2016 ஆகஸ்டில் 24 இளம் ஆமைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தட்பவெப்ப மாறுதலை முன்னிட்டு முதுகெலும்புள்ள பிராணி ஒன்றை அதன் தாயகத்துக்கு வெளியே குடியேற்றிப் பார்த்த முதல் முயற்சி இது என்று சொல்லப்படுகிறது. ஒவ்வோர் ஆமையின் முதுகிலும் ஒரு சிறு வானொலிக் கருவி. நம் நிலையத்தார் கேட்டால் மகிழ்வார்கள்; அந்த ஆமைகள் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒலிபரப்பு நடத்தின.

இதிலே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். தெற்குச் சதுப்பு நாளைக்கு ஏற்ற இடம். இன்றைக்குச் சற்றுக் குளிர் மிகுந்த இடம். குளிர்ந்த நீரில் ஆமைக்குப் பசி எடுப்பதில்லை, வளர்ச்சி மெதுவாகும். இன்றே கொண்டுபோனால் குளிரில் மெலியலாம். ஏற்ற வெப்பம் வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கொண்டுபோக ஆமை இருக்குமா என்பது ஐயம். மருமகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப நாள் பார்ப்பதுபோல் நல்ல நாள் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. ஆகவேதான் இருக்கும் ஆமைகள் அனைத்தையும் வாரிச் செல்லாமல், இருபத்து நான்கை மட்டும் கொண்டுபோய், எடை கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தார்கள். பிறகு 2022இல் தெற்கே ஸ்காட் தேசியப் பூங்காவில் மேலும் பல இளம் ஆமைகளை விட்டார்கள். பிறந்த ஊர்ச் சதுப்புகளையும் கைவிடவில்லை. சிறிய அளவில் செய்து, அளந்து, அளந்ததைக்கொண்டு அடுத்த படியை முடிவு செய்யும் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 2009இல் ரிக்கியார்டி, சிம்பர்லாஃப் என்ற இரு அறிஞர்கள் இத்தகைய குடியேற்றத்தை வன்மையாகக் கண்டித்து எழுதினார்கள். ஓர் உயிரைப் புதிய இடத்தில் விட்டால் அங்கே அது என்ன செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் நமக்கு இல்லை என்பது அவர்களுடைய வாதம். ஆஸ்திரேலியாவே இதற்குச் சாட்சி. 1859இல் விக்டோரியா மாநிலத்துப் பண்ணையார் ஒருவர் வேட்டை விளையாட்டுக்காக விட்ட இருபத்துச் சொச்சம் முயல்கள் கண்டத்தையே மேய்ந்தன. 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று இறக்குமதி செய்த தேரைகள் வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றன. நமக்கு அவ்வளவு தொலைவு போவானேன்? விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்த சீமைக் கருவேலம் நம் கண்மாய்களில் நிற்பதைக் காணாதவர் யார்?

இந்த வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான் ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், பணிபுரிந்த சிற்றூரில் மலேரியாக் காய்ச்சல் கண்டது. கொசுப் புழுக்களைத் தின்னும் கம்பூசியா என்ற அமெரிக்க மீனைக் குளங்களில் விட்டால் நோய் தணியும் என்று படித்திருந்தேன். ஊக்கம் மிகுந்த வயது. மாணவர்களையும் கூட்டிக்கொண்டு, இரண்டு குடம் மீன் பெற்றுவந்து, ஊர்க் குளத்திலும் கோயில் தெப்பக்குளத்திலும் விட்டேன். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முதியவர் என்னை வழிமறித்தார். "வாத்தியாரய்யா, இத்தனை மழை பெய்தும் குளத்தில் தவளைச் சத்தமே இல்லையே, ஏன்?" என்றார். போய்ப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போன்ற சிறு மீன் ஒன்று முன்பு அங்கே கூட்டங்கூட்டமாக நீந்தும். அதையும் காணவில்லை. அதுவும் கொசுப் புழுவைத் தின்னும் மீன்தான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கம்பூசியா தலைப்பிரட்டையையும் மற்ற மீன்களின் குஞ்சுகளையும் கடித்துத் தின்னும். வயல்களிலிருந்து வந்த பூச்சிமருந்துக்கும் அந்த நாசத்தில் பங்கு இருந்திருக்கலாம். அப்படி எண்ணி மனத்தைத் தேற்றிக்கொள்ள முயன்றதுண்டு. முதியவரிடம் அன்று, "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். மீனைக் குளத்தில் விடக் கால்மணி நேரம் ஆயிற்று. திரும்பப் பிடிக்க இன்றுவரை வழியில்லை.

ஆகவே இரண்டு தவறுகள் நம் முன் இருக்கின்றன. செய்யாமல் விட்டதால் எலி போயிற்று. எண்ணாமல் செய்ததால் என் ஊர்த் தவளை போயிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் முடிவு செய்வது எப்படி? உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இங்கே பயன்படும். இடம் மாற்றாமலே காக்க வழியுண்டா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. போகும் இடத்து உயிர்களுக்கு என்ன ஆபத்து என்று ஆராயச் சொல்கிறது. விட்டபின் தொடர்ந்து கண்காணிக்கவும், தவறிப்போனால் பின்வாங்குவதற்கு வழி வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது என் இரண்டு குடங்களும் நினைவுக்கு வந்தன. சதுப்பு ஆமையைப் பாருங்கள். மெதுவாகப் பெருகுவது, சிலவே முட்டையிடுவது, முதுகில் கருவியோடு செல்வது, வேண்டாமென்றால் தேடிப் பிடித்துவிடலாம். கம்பூசியாவோ மாதந்தோறும் குஞ்சு ஈனுவது. இரண்டையும் "இடமாற்றம்" என்ற ஒரே சொல்லால் அழைப்பது நம் மொழியின் வசதிக்காகத்தான்.

இனி என் மாணவியின் கேள்வியில் எஞ்சிய பாதி: பணம்.

போர்க்களத்தில் அடிபட்டவர்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும்போது, பட்டமும் பதவியும் பாராமல், யாருக்கு உடனே சிகிச்சை வேண்டும் என்று வகை பிரித்துக் கவனிக்கும் வழக்கத்தை நெப்போலியன் காலத்துப் படை மருத்துவர் லாரே ஏற்படுத்தினார். அந்த நெறியை உயிரினங்களுக்கும் கொண்டுவரலாமா என்பது கேள்வி. 2009இல் ஹியூ பாஸிங்ஹாம் என்ற ஆஸ்திரேலிய அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் நியூஸிலாந்து நாட்டுக்காக ஒரு கணக்குமுறை வகுத்துக் காட்டினார்கள். ஓர் உயிரைக் காப்பதால் விளையும் நன்மை எவ்வளவு, முயற்சி வெற்றிபெறும் வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார். முன்னிரண்டையும் பெருக்கிச் செலவால் வகு. வரும் எண் எதற்குப் பெரிதோ அதை முதலில் எடு.

கற்பனையாக ஒன்று சொல்கிறேன். மூன்று பிராணிகள் இருக்கின்றன. முதலாவது, நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நூற்றுக்கு எண்பது பங்கு பிழைக்கும். பத்து லட்சம் செலவிட்டால் தொண்ணூறு ஆகும். இரண்டாவது, விட்டால் பத்து. அதே பத்து லட்சம் செலவிட்டால் ஐம்பது. மூன்றாவது, விட்டால் ஒன்று; ஐம்பது லட்சம் செலவிட்டாலும் நான்கு. நம் மனம் எங்கே போகும்? சாகக்கிடக்கும் மூன்றாவதன்பின் போகும். பத்திரிகைகளும் அதைத்தான் எழுதும். கணக்கு இரண்டாவதைக் காட்டுகிறது. பத்து லட்சத்தில் நாற்பது பங்கு நன்மை அங்கேதான் இருக்கிறது.

கணக்கு சரி. ஆனால் இதைச் சொன்னதும் சிலருக்குக் கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. மூன்றாவதைச் சாகவிடு என்று சொல்ல நீ யார்? அறிஞர்களும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். பணம் போதாது என்பதை மாறாத விதியாக ஏற்றுக்கொண்டு பட்டியல் போடுவதற்கு முன், பணத்தைக் கூட்டச் சொல்லிப் போராடினால் என்ன என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இருந்தும் என் கருத்து கணக்கின் பக்கமே சாய்கிறது. கணக்குப் போடாதவர்களும் யாரையோ கைவிடத்தான் செய்கிறார்கள். யாரைக் கைவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அழகான பிராணிக்கும் பெரிய பிராணிக்கும் பணம் போகிறது, எலிக்குப் போவதில்லை. பட்டியல் இருந்தால் எலியின் பெயராவது அதில் இருக்கும். கோபித்துக்கொள்வதற்கு ஒரு தாளாவது கையில் இருக்கும். கணக்கில் அடங்காதவையும் உண்டு, மறுக்கவில்லை. ஒரு மலைச்சாதியார் தெய்வமாகக் கொண்டாடும் பிராணிக்கு எந்த எண்ணை இடுவது? அதை எண்ணால் அல்ல, அம்மக்களைக் கேட்டு முடிவு செய்யவேண்டும்.

சென்ற மாதம் அந்த மாணவி என் வீட்டுக்கு வந்தாள். இப்போது மேற்படிப்பு படிக்கிறாள். இந்த முறை எடுத்து வந்தது நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டைப் பற்றி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் வாழும் ஆடு அது. உலகில் வேறெங்கும் இல்லை. தமிழக அரசாங்கம் அதற்கென 25 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுத்து 2023இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆடுகளும் 2025இல் 1,303 ஆடுகளும் எண்ணப்பட்டன. எண்ணிக்கை உயர்ந்தது கண்டு மகிழலாம். கூடுதலான இடங்களில் போய் எண்ணியதற்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது.

"ஐயா, ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதற்குமேல் தென்னாட்டில் மலை இல்லை. இரண்டு பாகை வெப்பம் கூடினால் முந்நூறு மீட்டர் மேலே ஏறவேண்டுமென்று நீங்களே வகுப்பில் சொன்னீர்கள். எங்கே ஏறும்?" என்றாள். நான் சொன்னேன்: முதலில் செய்யவேண்டியதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியாக இருந்த நிலத்தில், வெள்ளையர் காலந்தொட்டுச் சீகையும் கற்பூர மரமும் நட்டு மூடிவைத்திருக்கிறோம். அவற்றை நீக்கிப் புல்லை மீண்டும் வளர்த்தால் ஆட்டுக்கு மேய இடம் கூடும். வெப்பம் கூடினாலும் கூடாவிட்டாலும் அது நன்மையே. தவறிப்போனால் பெரிய இழப்பும் இல்லை. முன்பு ஆடு இருந்து பிறகு மறைந்த குன்றுகளில் மீண்டும் கொண்டுபோய் விடுவது அடுத்த படி. அது திட்டத்திலேயே இருக்கிறது. புதிய மலை தேடும் பேச்சு அதற்குப் பிறகு.

அவள் அதை ஒப்புக்கொண்டாள். ஆனால் "அதற்குப் பிறகு" என்ற சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. "எப்போது பிறகு? அந்தத் தீவிலும் இப்படித்தானே சொன்னார்கள்!" என்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். கட்டம் போட்டு எழுதியிருந்தாள். ஒவ்வொரு குன்றிலும் ஆடுகளின் எண்ணிக்கை எவ்வளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது, குட்டிகளின் விகிதம் எத்தனை ஆண்டு தொடர்ந்து குறைந்தால் என்ன செய்வது என்று, கேடு வருவதற்கு முன்பே, பதற்றம் இல்லாத நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். அப்போதுதான் அந்த நாள் வரும்போது "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று ஒருவரும் சொல்ல முடியாது என்றாள். எனக்கு இது தோன்றவில்லையே என்று சிறிது பொறாமையாகவும் இருந்தது.

மாலைவரை இருந்து கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினோம். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக நின்றது. எல்லா முயற்சியும் பயன்படாமல் ஒரே ஒரு மலையில் மட்டும் ஆடு எஞ்சினால், அதை அது ஒருபோதும் வாழ்ந்திராத இடத்துக்குக் கொண்டுபோவதா, கூடாதா? கொண்டுபோக வேண்டும் என்றாள் அவள். எனக்கு அந்தக் குளம் நினைவிலிருந்து போகவில்லை. நெடுநேரம் வாதாடினோம். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்து ஆறிப்போயிற்று. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாள். தாள் என் மேசைமீது இருக்கிறது.